இனிஷியல் முன்னால் வந்த பட்டியல்

எனக்குக் கணினி தெரியாது என்று சொல்ல மூன்று வாய்ப்புகள் கிடைத்தன. மூன்றிலும் நான் பேசாமல் இருந்தேன்.

முதல் வாய்ப்பு, ஸ்ரீரங்கத்துப் பெண்கள் பள்ளி ஒன்றில் பயிற்சி ஆசிரியையாகச் சேர்ந்த அன்றே வந்தது. தமிழில் முதுகலை முடித்து, ஆசிரியர் கல்விப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் இருந்தேன். சில மாதங்கள் ஒரு பள்ளியில் இருந்து பாடம் நடத்திப் பழக வேண்டும் என்பது விதி. தலைமையாசிரியை என் கல்லூரி கொடுத்த கடிதத்தைப் படித்துவிட்டு, வயது எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்தார்.

“இருபத்து மூணுதானா? அப்பக் கம்ப்யூட்டரெல்லாம் உங்களுக்குத் தண்ணி பட்ட பாடா இருக்கும். எங்க டீச்சர்ஸுக்குக் கொஞ்சம் சொல்லிக் குடுங்கம்மா.”

என் முதுகலை ஆய்வேட்டைக் கையால் எழுதி, சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த தட்டச்சுக் கடையில் கொடுத்தவள் நான். அவர்கள் அடித்துத் தந்த தாள்களைச் சிவப்பு மையால் திருத்தித் திருப்பிக் கொடுத்தேன், நான்கு முறை. கணினியோடு எனக்கு இருந்த உறவு அவ்வளவுதான். அதைச் சொல்லியிருக்கலாம். தலையை அசைத்தேன். அந்த அசைவை அவர் சம்மதமாக எடுத்துக்கொண்டார்.

இரண்டாவது வாய்ப்பைத் தந்தவர் ஒன்பதாம் வகுப்பின் தமிழாசிரியை. அவருடைய வகுப்பில்தான் என்னைப் போட்டிருந்தார்கள். நாற்பத்தைந்து வயதிருக்கும். யாரையும் எதையும் பட்டென்று கேட்டுவிடும் வாய். அவருடைய மேசையில் எப்போதும் நான்கு பேரேடுகள் அடுக்கியிருக்கும். ஒரு மாணவி ஒப்புவித்தல், வாசிப்பு, சொல்வதை எழுதுதல், கட்டுரை ஆகியவற்றில் பெறும் மதிப்பெண்களை ஒன்றில் குறித்து, இரண்டாவதில் கூட்டி, மூன்றாவதில் தரம் பிரித்து, நான்காவதில் தலைமையாசிரியைக்காகப் படியெடுப்பார்.

“ஒரு மார்க்க நாலு எடத்துல எழுதறேன். புள்ளைங்க ஒரு தடவதான் எழுதுதுங்க. யாரு ஸ்டூடண்டுன்னு நீயே சொல்லு” என்றார். “ஒரே ஷீட்டுல போட்டா எல்லாம் தானா வந்துருமாமே? அத மட்டும் எனக்குச் செஞ்சு குடுத்துடும்மா, உனக்குப் புண்ணியமாப் போகும்.”

அவருக்கு அது உண்மையிலேயே தேவைப்பட்டது. அதனால்தான் “தெரியாது” என்ற சொல் எனக்கு வரவில்லை. கற்றுக்கொண்டு சொல்லலாம் என்று நினைத்தேன். கற்றுக்கொள்வது எனக்கு எப்போதும் தனியே செய்யும் காரியமாகவே இருந்து வந்திருக்கிறது.

இரண்டு வாரங்கள் கைப்பேசியில் பாடக் காணொளிகளைப் பார்த்தேன். உறையூரிலிருந்து ஸ்ரீரங்கம் வரை பேருந்தில், காதுக்குள் ஒருவர் “ரொம்ப ஈஸி ஃப்ரெண்ட்ஸ், சும்மா ஒரு கிளிக்” என்று சொல்லிக்கொண்டே வருவார். அந்த ஒரு கிளிக் எங்கே இருக்கிறது என்பதை அவர் சொல்வதற்குள் அம்புக்குறி நகர்ந்துவிடும். ஒவ்வொரு பாடமும் நான் நிற்கும் இடத்துக்கு இரண்டு படி மேலிருந்து தொடங்கியது. ஆசிரியர் அறையின் கணினியிலோ அவர் காட்டிய பொத்தான் வேறு இடத்தில் இருந்தது. சில இல்லவே இல்லை. விசைப்பலகையில் பாதி எழுத்துகள் தேய்ந்து போயிருந்தன. ஒரு பெயரை அடித்தால் கொம்பு முன்னால் போய் நிற்கும். அழித்தால் முழு எழுத்தும் போய்விடும். ஒரு செய்யுளின் ஐந்து உரைகளை ஒப்பிட்டு எழுதும்போது வராத ஆத்திரம், வகுப்பின் நாற்பத்தேழு மாணவிகளுக்கான கட்டங்களில் ஒன்று தானே நிறம் மாறியபோது வந்தது. ஏன் மாறியது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஆனாலும் ஒரு நாள் கூட்டல் வேலை செய்தது. நான்கு கட்டங்களில் எண்களை இட்டதும் ஐந்தாவதில் மொத்தம் தானே வந்து நின்றது. தமிழாசிரியை கை தட்டினார். “அடி சக்கை! கால்குலேட்டர இனிமே எம் பையனுக்குக் குடுத்துடலாம்” என்றார். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்போடு மூன்றாவது வாய்ப்பும் போய்விட்டது.

இந்த இடத்தில் ஒரு மாணவியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அவள் ஒன்பதாம் வகுப்பில் கடைசி வரிசைக்கு முந்திய வரிசையில் உட்காருவாள். கேட்டாலொழியப் பேசமாட்டாள். ஆனால் எழுதச் சொன்னால், மற்றவர்கள் ஆண்டு விழா உரைபோல் எழுதும் தலைப்பில் அவள் தன் வீட்டுக் குழாயடியைப் பற்றி எழுதுவாள். ஒரு சொல் கூடுதலாக இருக்காது. தினமும் நான்கு இருபதுக்குக் கடைசி மணி அடித்ததும் முதலில் ஓடுகிறவளும் அவள்தான். முதல் வாரத்தில் ஒரு நாள் ஏன் என்று கேட்டேன்.

“நாலு அம்பது பஸ் மிஸ். அத வுட்டா அடுத்து ஆறே காலுதான்.”

கொள்ளிடத்தின் வடகரையில் அவள் ஊர். அம்மா மலைக்கோட்டைக் கடைவீதியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை செய்கிறார். வீடு திரும்ப ஒன்பது மணி ஆகும். அப்பா இல்லை. மூன்று வயதுத் தம்பியைப் பக்கத்து வீட்டில் விட்டிருப்பார்கள். ஐந்தரைக்கு அந்த வீட்டுப் பெண்மணி வேலைக்குக் கிளம்பிவிடுவார். அதற்குள் இவள் போய்ப் பொறுப்பேற்க வேண்டும். ஊரிலேயே பத்தாம் வகுப்புவரை பள்ளி உண்டு. இங்கே நூலகம் இருக்கிறது என்று கேட்டு, அழுது, ஆற்றைத் தாண்டி வந்து சேர்ந்தவள். நான்கு ஐம்பது பேருந்து தவறக் கூடாது என்ற ஒரே நிபந்தனையில்தான் அவள் அம்மா ஒத்துக்கொண்டிருந்தார்.

“ஒரு நாள் லேட்டானா என்ன செய்வாங்க?”

“ஒரு நாளுன்னா திட்டுவாங்க மிஸ். அடிக்கடி ஆனா ஊரு ஸ்கூலுதான்” என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகலில் நாங்கள் மதிப்பெண்களைக் கணினியில் ஏற்றினோம். தமிழாசிரியைக்கு மறுநாள் காலை மணப்பாறைக்குப் போக வேண்டியிருந்தது. திங்கள் முதல் புதன்வரை அங்கே பயிற்சி. கணினிவழியில் வகுப்பறையை நடத்துவது பற்றி. அவருடைய அக்கா வீடும் அங்கேதான் என்பதால் முன்னதாகவே கிளம்புகிறார். தலைமையாசிரியையோ பின்தங்கிய பன்னிரண்டு மாணவிகளின் பட்டியலை அன்று மாலைக்குள் கேட்டிருந்தார். அவர்களுக்குத் திங்கள் முதல் மாலை நான்கரையிலிருந்து ஐந்தே முக்கால் வரை சிறப்பு வகுப்பு. மெல்லக் கற்போர் வகுப்பு என்று பெயர்.

அலுவலகம் தந்த பெயர்ப்பட்டியல் சேர்க்கை எண் வரிசையில் இருந்தது. தமிழாசிரியையின் பேரேடு பெயர்களின் அகரவரிசையில் இருந்தது. இரண்டையும் ஒன்றாக்க, நான் கற்றிருந்த பொத்தானை அழுத்தினேன். பட்டியல் கண் முன்னால் புரண்டு, அகரவரிசையில் வந்து நின்றது. அகரவரிசை என் துறை. அதில் எனக்கு ஐயம் எழவில்லை. முதல் வரியைப் பேரேட்டோடு ஒப்பிட்டேன், அதே மாணவிதான். கடைசி எண்ணைப் பார்த்தேன்; நாற்பத்தேழு. சரி என்றேன்.

தமிழாசிரியை பேரேட்டை விரித்துவைத்துச் சொல்லத் தொடங்கினார். பெயர் சொல்லவில்லை. எந்த ஆசிரியையும் சொல்லமாட்டார், எண்தான் வேகம். “ஒண்ணு, முப்பத்தெட்டு. ரெண்டு, நாப்பத்தொண்ணு. மூணு, இருபத்தொம்போது. என்னம்மா, போட்டாச்சா? கை வேகமா வருதே! நாலு…” இருபது நிமிடங்களில் முடிந்தது. ஒரு கட்டமும் காலியில்லை. ஓர் எண்ணும் மிஞ்சவில்லை. பிறகு மதிப்பெண் வரிசையில் அடுக்கி, கீழே இருந்த பன்னிரண்டு பெயர்களைத் தாளில் எடுத்தேன். அதற்குள் தமிழாசிரியை பேரேட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பியிருந்தார். தலைமையாசிரியை அந்தத் தாளைப் படம் எடுத்து, பெற்றோரின் கைப்பேசிக் குழுவில் அப்போதே போட்டார்.

கீழிருந்து மூன்றாவது பெயர் அவளுடையது. ஐம்பதுக்குப் பதினேழு.

எனக்கு வியப்பாக இருந்தது. ஒப்புவித்தலில் குறைந்திருக்கலாம், பேசத் தயங்குகிறவள்தானே என்று நானே ஒரு காரணத்தைச் செய்துகொண்டேன். இதைத்தான் இன்றும் என்னால் பொறுக்க முடியவில்லை. அவளுடைய எழுத்தை நான் படித்திருந்தேன். அந்த எண்ணை நானே அடித்திருந்தேன். எதை நம்புவது என்று வந்தபோது எண்ணை நம்பினேன்.

திங்கள் மாலை அந்த வகுப்பைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கே வந்தது. எல்லோரும் உயிர்மெய் எழுத்துகளை வரிசையாக எழுத வேண்டும் என்பது தலைமையாசிரியையின் உத்தரவு. அவள் எழுதினாள். நான்கு ஐம்பதுக்கு ஒரு முறை சன்னல் பக்கம் பார்த்தாள். பிறகு மறுபடி குனிந்துகொண்டாள். செவ்வாயன்று ஒரு பத்தியைக் கொடுத்து ஒவ்வொருவரையும் வாசிக்கச் சொன்னேன். சிலர் தடுமாறினார்கள். சிலர் தடுமாறவே இல்லை. அவள் வாசித்தபோது மற்றவர்கள் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

வகுப்பு முடிந்து எல்லோரும் போன பின் கணினியைத் திறந்தேன். பெயர்களை மீண்டும் அகரவரிசைப்படுத்திப் பார்த்தேன். இம்முறை பெயர்களைப் பார்க்கவில்லை, இடது ஓரத்தை மேலிருந்து கீழாகப் பார்த்தேன். அ., அ., ஆ., இ., க., க., க. என்று புள்ளி வைத்த ஒற்றை எழுத்துகள் ஏணிபோல் இறங்கின. எங்கள் பள்ளியில் இனிஷியலை முன்னால் எழுதுவது வழக்கம், எல்லாப் பள்ளிகளிலும்தான். பட்டியல் மாணவிகளின் பெயர் வரிசையில் இல்லை. அவர்களுடைய தந்தைமாரின் முதலெழுத்து வரிசையில் இருந்தது. முதல் மாணவிக்குப் பெயரும் அகரம், தந்தை பெயரும் அகரம். அதனால்தான் நான் ஒப்பிட்ட அந்த ஒரு வரி மட்டும் சரியாக இருந்திருக்கிறது.

துவாக்குடியில் பொறியியல் படிக்கும் என் சித்தி மகளைக் கைப்பேசியில் அழைத்தேன். என்னைவிட மூன்று வயது இளையவள். முழுவதையும் கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

“ஏங்க்கா, மெஷின் என்ன செய்யும்? எது முன்னாடி நிக்குதோ அதத்தான பாக்கும்.”

“எந்த ஊர்ல அப்பா பேர வச்சு அட்டெண்டன்ஸ் எடுப்பாங்க?”

“உன் லிஸ்டுல அப்பாதான முன்னாடி நிக்கிறாரு! இனிஷியலத் தூக்கித் தனிக் கட்டத்துல போடு. இப்ப இருக்குற வரிச அப்படியே இருக்கட்டும்; மார்க்கும் அதே வரிசையிலதான் இருக்கு. பேர மட்டும் அட்டெண்டன்ஸ் பாத்து மாத்து. பத்து நிமிஷம். எம்.ஏ. படிச்சுட்டு இதுக்கா அழுவுற? முதல் நாளே ஒரு போன் போட்டிருக்கலாம்ல?”

அழவில்லை என்றேன். அது மட்டும் உண்மை.

புதன்கிழமை மதிய இடைவேளையில், பேரேட்டைப் போலவே பெயர்களின் அகரவரிசையில் இருந்த வருகைப் பதிவேட்டைப் பார்த்துப் பெயர்களை மாற்றினேன். சித்தி மகள் சொன்னபடி பத்து நிமிடங்கள்தான் ஆயின. அந்த மாணவிக்கு ஐம்பதுக்கு நாற்பத்தாறு. பன்னிரண்டு பேரில் எட்டுப் பேர் மாறியிருந்தார்கள். புதிய பட்டியலைத் தாளில் எடுத்து நான்காக மடித்து என் பையில் வைத்தேன்.

அங்கேதான் அது இருந்தது. தலைமையாசிரியையின் அறைவரை இரண்டு முறை போனேன். முதல் முறை யாரோ உள்ளே இருந்தார்கள். இரண்டாம் முறை யாரும் இல்லை, அவர் நிமிர்ந்து, “என்னம்மா?” என்றார். சுண்ணக்கட்டி கேட்டேன். மூலப் பேரேட்டோடு சரிபார்க்காத ஒன்றை எப்படிக் கொடுப்பது, பேரேடு மணப்பாறையில் இருக்கிறது, பயிற்சியில் இருப்பவரை எப்படி அழைப்பது, நாளை வந்துவிடுவார் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். பிழையற்ற வேலையின் மொழியில் என் கோழைத்தனத்தை நான் எவ்வளவு ஒழுங்காக எழுதிக்கொண்டேன் என்பது இப்போது தெரிகிறது. அன்று மாலையும் அவள் வந்து உட்கார்ந்தாள். நான் மேசையில் இருந்தேன். என் பைக்குள் அவளுடைய நாற்பத்தாறு இருந்தது. நான்கு ஐம்பது ஆயிற்று. ‘நீ போகலாம்’ என்ற இரண்டு சொற்களை நான் சொல்லவில்லை.

வியாழன் காலை அவள் வரவில்லை. அவளுடைய அம்மா வந்தார். ஜவுளிக்கடைச் சீருடைப் புடவையில், கையில் ஒரு தாளோடு தலைமையாசிரியையின் அறை வாசலில் நின்றார். தமிழாசிரியையும் அப்போதுதான் மணப்பாறையிலிருந்து திரும்பி, கையெழுத்திட உள்ளே வந்திருந்தார். கையெழுத்துப் பதிவேட்டருகே நின்ற என்னைப் பார்த்ததும், “மூணு நாள் பயிற்சியில நான் கத்துக்கிட்டது எந்தக் கடையில முறுக்கு வாங்கணுங்கறதுதான்” என்று தொடங்கியவர், அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

“டி.சி. குடுத்துடுங்க மேடம். லெட்டர் எழுதியாந்திருக்கேன்.”

“என்னங்க இது, வருஷத்துக்கு நடுவுல?” என்றார் தலைமையாசிரியை.

“மூணு நாளா புள்ள ஏழு மணிக்கு வீடு வருது. சின்னவன் அடுத்த வூட்டு வாசல்ல தனியா கெடக்கான். நேத்து ரோட்டுக்கு வந்துட்டான், பால்காரர் தூக்கியாந்து விட்டிருக்காரு. நல்லாப் படிக்குதுன்னு சொல்லித்தான் ஆத்தத் தாண்டி அனுப்புனேன். படிப்பே வரலன்னு க்ரூப்புல பேரு போட்டுட்டீங்க. கடையில என் கூட நிக்கிறவ பொண்ணும் இங்கதான் படிக்குது. ‘உம் புள்ள பெரிய எழுத்தாளருன்ன?’ன்னு கேக்குறா. வராத படிப்புக்கு ஊரு ஸ்கூலு போதாதாங்க?”

“படிப்பு வரணும்னுதாங்க ஸ்பெஷல் கிளாஸே வைக்கிறோம்…”

“ஒரு நிமிஷம்” என்றார் தமிழாசிரியை. “யாருக்குப் படிப்பு வரல? அந்தப் புள்ளைக்கா? அது எப்படி லிஸ்டுல வந்துச்சு?”

மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். என்னை யாரும் பார்க்கவில்லை. இப்போது நினைத்தால் அதுதான் நான்காவது வாய்ப்பு. பையைத் திறந்து, மடித்த தாளை மேசைமேல் விரித்தேன்.

“பட்டியல் தவறு. மதிப்பெண்கள் பெயர் மாறி விழுந்துவிட்டன” என்றேன். குரல் எழுத்துத் தமிழில் வந்தது. பதற்றத்தில் எனக்கு அப்படித்தான் வரும்.

தலைமையாசிரியை தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு அந்த அம்மாவிடம் திரும்பி, “சிஸ்டம் மிஸ்டேக்குங்க. கம்ப்யூட்டர்ல இப்படி ஆகறதுண்டு” என்றார்.

“எந்த சிஸ்டம்ங்க? ஆளு யாரு போட்டது?”

“நான்தாங்க போட்டேன்” என்றேன். “செவ்வாக்கிழமையே எனக்குத் தெரியும். நேத்து மத்தியானம் சரி பண்ணிட்டேன். யார்கிட்டயும் சொல்லல.”

கடைசி வாக்கியத்தைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை என்று தமிழாசிரியை பின்னால் சொன்னார். ஆனால் அதுதான் உண்மையான பிழை. முந்தையது வெறும் வரிசைக் குழப்பம்.

அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். “அப்ப நேத்து எம் புள்ள சும்மாவா உக்காந்திருந்துச்சு?” என்றார். பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. “க்ரூப்புல பேரு போட்டீங்கல்ல? அதுலயே இல்லன்னு போடுங்க. நான் பாத்துட்டுத்தான் கெளம்புவேன். கடைக்கு நேரமாச்சு.”

தமிழாசிரியை பேரேட்டைத் திறந்தார். நான் பெயர் சொல்ல, அவர் மதிப்பெண் சொன்னார். இம்முறை எண் சொல்லவில்லை. நாற்பத்தேழு பெயர்களும் சரியாக இருந்தன. தலைமையாசிரியை கைப்பேசியில் செய்தியை அடித்து எங்களிடம் காட்டினார். ‘தொழில்நுட்பக் கோளாறு காரணமாக’ என்று தொடங்கியிருந்தது.

“கோளாறு இல்லைங்க மேடம். கம்ப்யூட்டர் சொன்னதச் செஞ்சுது” என்றேன்.

“இலக்கியம் படிச்சவங்கள வச்சுக்கிட்டு ஒரு வரி எழுத முடியல!” என்று அலுத்துக்கொண்டு, ‘பயிற்சி ஆசிரியையின் தவறால்’ என்று மாற்றினார். அனுப்பினார். ஒரு நொடி கழித்து அந்த அம்மாவின் பையில் மணி ஒலித்தது. எடுத்து, உதடுகள் அசையப் படித்தார். கொண்டுவந்த கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். கிழிக்கவில்லை.

“மதியம் புள்ளய அனுப்பி வைக்கச் சொல்றேன். இன்னொரு நாளு அந்த பஸ்ஸ வுட்டா, இதே லெட்டரத்தான் எடுத்துட்டு வருவேன்” என்றார். கடைக்குக் கிளம்பினார்.

அன்றைய பொழுது நன்றாகப் போகவில்லை. புதிதாகப் பட்டியலில் சேர்ந்த எட்டுப் பேரில் ஒருத்தி மேசைமேல் தலையைக் கவிழ்த்து அழுதாள். என்னைப் பற்றிய பயிற்சி மதிப்பீட்டில் தலைமையாசிரியை ஏதோ எழுதினார். அதைப் படிக்க எனக்கு உரிமையில்லை. தமிழாசிரியை இரண்டு பாடவேளை என்னோடு பேசவில்லை. மூன்றாவதில் முறுக்குப் பொட்டலத்தை என் பக்கம் தள்ளிவிட்டு, “தெரியாதுன்னு சொல்றதுக்கு ஒரு வார்த்ததான். தமிழ்ல அதுக்கும் கஷ்டமா?” என்றார். பிறகு, “அந்த இனிஷியலப் பின்னாடி தள்ளுற வித்தைய எனக்குக் காட்டு. அடுத்த மாசம் நீ இருக்க மாட்ட” என்றார். காட்டினேன். அவர் தன் விரலால் ஒவ்வொரு பொத்தானையும் அழுத்தி, தவறி, வைது, மறுபடி அழுத்தினார். அவருக்குத் தெரியாததை அவர் உரக்கத் தெரியாது என்றார். எங்களுக்குள் அதுதான் வேறுபாடு.

மதியத்துக்குப் பின் அந்த மாணவி வந்தாள். கடைசி மணி அடித்ததும் ஓடவில்லை. மற்றவர்கள் போகும்வரை நின்று, என் மேசைக்கு வந்து ஒரு குறிப்பேட்டை நீட்டினாள். மூன்று மாலைகளில் எழுதிய உயிர்மெய் வரிசைகள். பதினோரு பக்கங்கள். ஒவ்வோர் எழுத்தும் ஒரே அளவில், கோட்டைத் தொட்டும் தாண்டாமலும் நின்றது.

“ஸ்பெஷல் கிளாஸ் நோட்டுல சைன் வாங்கணும்னு சொன்னாங்க மிஸ்.”

“உனக்கு இது தேவையில்லன்னு உனக்கே தெரியாதா? ஏன் கேக்கல?”

“நல்லா எழுதறேன்னுதான் நெனச்சுக்கிட்டிருந்தேன் மிஸ்.” சொல்லிக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தாள். “லிஸ்டுல பேரு இருந்துச்சா… அப்ப நாந்தான் தப்பா நெனச்சுட்டேன் போலன்னு.”

அவளிடம் சொல்ல ஒரு வாக்கியம் யோசித்தேன். அதைச் சரியாக அமைப்பதற்குள் அவள், “மிஸ், பஸ்ஸு” என்றாள்.

“ஓடு” என்றேன். ஓடினாள். குறிப்பேடு என் மேசையிலேயே இருந்தது. அதில் நான் கையெழுத்திடவில்லை. சுவர்க் கடிகாரத்தில் மணி நான்கரை; பேருந்துக்கு இன்னும் இருபது நிமிடம்.